“பிள்ளை பிறந்த பிறகு போடலாம்தானே?”

(இந்தக் கேள்வியும் பதிலும் 2022 ஜனவரி கடைசியில் எழுதப்பட்டவை. கோவிட் ஊசி யாருக்கு, எப்போது, எப்படி என்பதெல்லாம் அந்த நேரத்து நடைமுறை, பிறகு மாறிவிட்டது.)

கேள்வி: வணக்கம் டொக்டர். நாங்கள் லண்டனில் ஹரோவில் இருக்கிறோம். மகளுக்கு 29 வயது. தலைப்பிள்ளை, இப்போது 26 கிழமை. இதுவரை ஒரு கோவிட் ஊசியும் போடவில்லை. சென்ற ஜூனில் போடப் போனபோது அங்கே நின்ற ஒருவர், “பிள்ளை பெற யோசனை இருந்தால் பிறகு வாருங்கள்” என்று திருப்பி அனுப்பிவிட்டார். இப்போது மருத்துவிச்சி போடச் சொல்கிறார். மருமகன் வேண்டாம் என்கிறார். வட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் பார்த்தால் எனக்கும் பயமாக இருக்கிறது. இப்போது பரவும் ஒமிக்ரோன் வகைக் கோவிட் வெறும் தடிமன்தானாம், அரசாங்கமும் கட்டுப்பாடுகளை எடுத்துவிட்டது. பிள்ளை பிறந்த பிறகு போடலாம்தானே? ஆஸ்பத்திரிகள் நிரம்பிக் கிடக்கிறதாம். ஸ்கானுக்கும் பரிசோதனைக்கும் போய் வருத்தத்தை வாங்கிவருவதைவிட வீட்டில் இருப்பது நல்லதா? நாங்கள் சைவம். ஊசியில் மாட்டுக் கொழுப்பு இருக்கிறதா என்றும் சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு,

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை பிறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். மகளுக்குச் சம்மதம் என்றால் இந்தக் கிழமையே முதலாவது ஊசியைப் போடட்டும்.

நான் லண்டன் வைத்தியசாலை ஒன்றில் மயக்கமருந்து வைத்தியர். பிரசவ அறையில் முதுகில் ஊசி போட்டு நோவைக் குறைப்பதும், சத்திரசிகிச்சை மூலம் பிள்ளை பிறக்கும்போது தாயின் தலைமாட்டில் நிற்பதும் என் வழக்கமான வேலை. இந்த இரண்டு வருடமாகத் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் முறைக்கு நிற்கிறேன். உங்கள் மகளைப் போன்ற பெண்களை இந்த இரண்டு இடத்திலும் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

“பிறந்த பிறகு” என்று நீங்கள் தள்ளிவைக்க நினைக்கும் இந்த மூன்று மாதத்தில்தான் கோவிட் ஒரு கர்ப்பிணியை அதிகம் வருத்துகிறது. மகளை நீங்கள் சுமந்தபோது எட்டாம் மாதத்தில் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியிருக்கும். கருப்பை வளர்ந்து நெஞ்சறைக்குக் கீழே உள்ள தசையை மேலே தள்ளிவிடுவதால் நுரையீரல் விரிய இடம் குறைகிறது. அதே நேரத்தில் உடம்புக்குத் தேவைப்படும் ஒட்சிசன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. கையிருப்பு குறைந்து செலவு கூடிய நேரம் அது. அந்த நேரத்தில் நுரையீரலில் கிருமி இறங்கினால், மற்ற 29 வயதுப் பெண்கள் சமாளிப்பதுபோல் ஒரு கர்ப்பிணியால் சமாளிக்க முடியாமல் போகலாம்.

பிள்ளைக்கும் பங்கு உண்டு. ஊசி பரவலாக வருவதற்கு முன், 2020 மே கடைசியிலிருந்து 2021 ஜனவரிவரை இங்கிலாந்தில் பிள்ளை பெற்ற 3 இலட்சத்து 42 ஆயிரம் பெண்களின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். பிரசவ நேரத்தில் கோவிட் இருந்தவர்களில் நூற்றுக்கு 12 பேருக்கு நாள் முந்திப் பிள்ளை பிறந்தது. தொற்று இல்லாதவர்களில் அது நூற்றுக்கு 6க்கும் சற்றுக் குறைவு. வயிற்றிலேயே பிள்ளை இறந்துபோனது தொற்று இல்லாதவர்களில் ஆயிரத்துக்கு 3.4, தொற்று இருந்தவர்களில் 8.5. தொற்று வந்தவர்களிலும் பெரும்பாலானோர் பிள்ளையோடு சுகமாக வீடு போனார்கள், அதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆனால் ஆயிரத்துக்கு 3.4 என்பது 8.5 ஆவதைச் சின்ன விசயம் என்று என்னால் சொல்ல முடியாது.

சென்ற வருடம் ஜனவரி மாதத்தை நான் மறக்கப்போவதில்லை. 8ஆம் திகதி மேயர் சாதிக் கான் பெரும் அவசரநிலை அறிவித்தபோது லண்டனில் முப்பது பேரில் ஒருவருக்குத் தொற்று என்று கணக்கிட்டிருந்தார்கள். அந்த மாத நடுவில் நகரத்து வைத்தியசாலைகளில் கோவிட்டோடு கிட்டத்தட்ட 8 ஆயிரம் பேர் படுத்திருந்தார்கள். சுவாசக் கருவியில் இருக்கும் ஒரு நோயாளிக்கு ஒரு தாதி என்பது இங்கே எழுதாத சட்டம் மாதிரி. அந்த மாதம் ஒரு தாதி மூன்று பேரைப் பார்த்தார், சில இரவுகளில் நான்கு பேரை. மூச்சு இலகுவாக நோயாளிகளைக் குப்புறத் திருப்பிப் போட ஆறேழு பேர் வேண்டும் என்பதால் பல் வைத்தியர்கள்கூட வந்து கைகொடுத்தார்கள். குழாயில் வரும் ஒட்சிசன் போதுமா என்று ஒவ்வொரு முறை மாற்றத்திலும் கேட்டுக்கொண்டோம். எசெக்ஸில் சவுத்எண்ட் வைத்தியசாலை, நோயாளிகளின் இரத்தத்தில் இருக்கவேண்டிய ஒட்சிசன் இலக்கையே நூற்றுக்கு 88க்கும் 92க்கும் இடையில் இறக்கவேண்டி வந்தது.

அந்த நாட்களில் ஓர் இரவு எங்கள் தமிழ்ப் பெண் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். அடையாளம் தெரியாமல் இருக்கச் சிலவற்றை மாற்றியே எழுதுகிறேன். 31 கிழமைக் கர்ப்பிணி. முகத்தை இறுக்கிய முகமூடி வழியாக ஒட்சிசன் சீறிக்கொண்டிருந்தது. கட்டிலுக்கு வலப்பக்கத் திரையில் தாயின் இதயத்துடிப்பு 124. இடப்பக்கத்தில், மகப்பேற்றுப் பிரிவிலிருந்து தள்ளிக்கொண்டு வந்த இயந்திரத்தில் பிள்ளையின் துடிப்பு 150. தீவிர சிகிச்சைப் பிரிவில் எத்தனையோ அலாரச் சத்தம் கேட்கும். ஆனால் குதிரை ஓடுவதுபோன்ற அந்தப் பிள்ளைத்துடிப்பு அங்கே கேட்கும் சத்தம் இல்லை. பக்கத்துக் கட்டில்களைப் பார்த்துக்கொண்டிருந்த தாதிகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணால் கதைக்க முடியவில்லை. இரத்தத்தின் ஒட்சிசன் அளவை அச்சிட்டுத் தரும் சின்னத் துண்டு ஒன்று படுக்கையில் கிடந்தது. அதை எடுத்துப் பின்பக்கத்தில் தமிழில் ஒரே ஒரு சொல் எழுதிக் காட்டினார்: “துடிக்குதா?”

இயந்திரத்தின் சத்தத்தைக் கூட்டிவைத்தேன்.

விடிவதற்குள் தாயின் மூச்சுக்காகவே பிள்ளையை வெளியே எடுக்கவேண்டி வந்தது. பிள்ளை 1,600 கிராம். தாய் அதற்குப் பிறகு 19 நாள் சுவாசக் கருவியில் இருந்தார். தாய் தன் பிள்ளையைத் தொட்டபோது பிள்ளைக்கு நான்கு கிழமை ஆகியிருந்தது. இருவரும் தப்பினார்கள். அந்த ஜனவரியில் அந்தப் பெண்ணுக்குப் போட எங்களிடம் ஊசி இருக்கவில்லை. முதியோருக்கே அப்போதுதான் போட்டுக்கொண்டிருந்தோம். உங்கள் மகளுக்கு இன்று இருக்கிறது. நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது அதனால்தான்.

மகளைத் திருப்பி அனுப்பியது பிழை அம்மா. யார் அனுப்பினாரோ தெரியாது, அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருக்கமாட்டார். ஆனால் பிழை பிழைதான். அதற்கு எங்கள் பக்கமும் காரணம் இருக்கிறது. ஊசிகளைப் பரிசோதித்தபோது கர்ப்பிணிகளைச் சேர்க்கவில்லை. அதனால் 2020 டிசம்பர் தொடக்கத்தில் ஊசி வந்தபோது, கர்ப்பிணிகளும் பிள்ளைக்கு முயல்பவர்களும் பொறுத்திருக்கட்டும் என்றே அறிவுறுத்தினார்கள். அந்த மாதம் முடிவதற்குள்ளேயே பிள்ளைக்கு முயல்பவர்கள் தள்ளிப்போடத் தேவையில்லை என்று மாற்றினார்கள். 2021 ஏப்ரல் 16ஆம் திகதி, எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் அவரவர் வயதுப்படி ஊசி கொடுக்கலாம் என்று தடுப்பூசிக் குழு அறிவித்தது. உங்கள் மகள் போனது ஜூனில். பழைய அறிவுறுத்தல் சிலரின் தலையில் அப்படியே நின்றுவிட்டது. சென்ற மாதம் 16ஆம் திகதி கர்ப்பிணிகளை முன்னுரிமைப் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறார்கள். ஏறத்தாழ ஒரு வருடத்தில் “வேண்டாம்” என்பது “முதலில் நீங்கள்” என்று ஆனால் ஒரு குடும்பம் குழம்பத்தான் செய்யும். அந்தக் குழப்பத்தைத் தீர்க்க நாங்கள் போதிய அளவு கதைக்கவில்லை, தமிழில் இன்னும் குறைவாகவே கதைத்தோம். அதற்காக வருந்துகிறேன்.

அப்படி மாறியது ஏன் என்றால், ஊசி போட்ட பெண்களுக்குப் பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். இங்கிலாந்திலும் ஸ்கொட்லாந்திலும் மட்டும் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிகள் போட்டிருக்கிறார்கள். சென்ற நவம்பரில் சுகாதாரப் பாதுகாப்பு முகவரகம் வெளியிட்ட கணக்கில், வயிற்றில் பிள்ளை இறந்துபோனது ஊசி போட்டவர்களில் ஆயிரத்துக்கு 3.35, போடாதவர்களில் 3.60. பிள்ளையின் நிறையிலும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. ஸ்கொட்லாந்தின் ஆய்வு இந்த மாதம்தான் வந்தது. கோவிட்டோடு தீவிர சிகிச்சைக்குப் போன 104 கர்ப்பிணிகளில் 102 பேர் ஊசி போடாதவர்கள். சென்ற கோடையில் இங்கிலாந்தில், நுரையீரல் முற்றாகத் தளர்ந்து எக்மோ என்ற இயந்திரத்தில் வைக்கப்பட்ட கோவிட் நோயாளிகளில் ஆறு பேருக்கு ஒருவர் ஊசி போடாத கர்ப்பிணி. அந்த இயந்திரம் இரத்தத்தை உடம்புக்கு வெளியே எடுத்து ஒட்சிசன் ஏற்றித் திருப்பி அனுப்புவது. அதற்கு அடுத்த படி எங்களிடம் இல்லை.

வட்ஸ்அப் விசயத்துக்கு வருகிறேன். நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு புரதமும், கிருமியின் மேலே முள்ளுப்போல் நிற்கும் “முள்ளுப் புரதமும்” ஒன்று, ஊசி அந்த முள்ளுப் புரதத்துக்கு எதிராகவே உடம்பைத் தயார்ப்படுத்துகிறது, ஆகவே ஊசி நஞ்சுக்கொடியைத் தாக்கும் என்று ஒரு செய்தி 2020 கடைசியிலிருந்து சுற்றுகிறது. அந்த இரண்டுக்கும் ஒற்றுமை என்று சொல்ல ஒன்றும் இல்லை. அது உண்மை என்றால் கோவிட் வந்த ஒவ்வொரு கர்ப்பிணியின் நஞ்சுக்கொடியையும் கிருமியே தாக்கியிருக்கவேண்டும், ஏனென்றால் அந்தப் புரதம் கிருமியில்தான் இருக்கிறது. மரபணுவை மாற்றும் என்பதும் அப்படித்தான். இந்த ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை. அதில் இருப்பது அந்த முள்ளுப் புரதத்தைச் செய்ய உடம்புக்கு ஒரு செய்முறைக் குறிப்பு. நம்முடைய மரபணு இருக்கும் அறைக்குள் அது போவதே இல்லை, சில நாளில் அழிந்துவிடும். தாயின் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புச் சக்தி மட்டும் கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும், பாலிலும் போகும்.

மாட்டுக் கொழுப்பு, பன்றி, முட்டை ஒன்றும் இல்லை. சைவக்காரர் தயங்காமல் போடலாம். கர்ப்பிணிகளுக்கு இங்கே பைசர் அல்லது மொடேர்னா போடுவார்கள். இரத்தக்கட்டிபற்றிப் பத்திரிகையில் நீங்கள் பார்த்தது அஸ்ட்ராசெனகா ஊசியோடு அரிதாக வந்தது.

நீங்கள் மகளைச் சுமந்தது ஊரில் என்றால் ஏற்பு ஊசி போட்டிருப்பீர்கள். மருத்துவிச்சி வீடு தேடி வந்து நாளைச் சொல்லி, போகாவிட்டால் ஏசியும் இருப்பார். வயிற்றில் பிள்ளையோடு ஊசியா என்று அன்றைக்கு நம் தாய்மார் பயந்து நிற்கவில்லை, ஏற்புவலியில் செத்த குழந்தைகளை அவர்கள் கண்டிருந்தார்கள். இங்கே 2012இல் குக்கல் இருமல் பரவிப் பச்சைக் குழந்தைகள் இறந்தபிறகு கர்ப்பிணிகளுக்கு அதற்கும் ஊசி போடுகிறார்கள். மகளுக்கும் அது சொல்லியிருப்பார்கள், இன்னும் போடவில்லை என்றால் அதையும் கேளுங்கள். இலங்கையிலும் சென்ற ஜூனிலிருந்து கர்ப்பிணிகளுக்குக் கோவிட் ஊசி போடுகிறார்கள்.

ஒமிக்ரோன் தடிமன்தானே என்று கேட்டீர்கள். நீங்கள் மூன்று ஊசியும் போட்டிருந்தால் உங்களுக்குப் பெரும்பாலும் அப்படித்தான் போகும். ஒன்றும் போடாத கர்ப்பிணிக்கு அந்த உறுதியை நான் கொடுக்கமாட்டேன். இதற்கு முந்திப் பரவிய டெல்டா வகையைவிட இது இலேசு என்பது உண்மை. இந்த ஜனவரியில் லண்டன் வைத்தியசாலைகளில் கோவிட்டோடு இருந்தவர்கள் கூடிப்போனால் 4 ஆயிரம் பேர், சென்ற வருடத்தின் பாதி. வேறு வருத்தத்துக்கு வந்து பரிசோதித்தபோது தொற்று தெரிந்தவர்களும் அதில் பலர். ஆனால் இந்தமுறை எங்களுக்குத் தட்டுப்பாடு கட்டிலில் இல்லை, ஆளில். தாதிகளுக்கும் வைத்தியர்களுக்கும் தொற்று வந்து ஒரே நேரத்தில் வீட்டில் இருக்கவேண்டி வந்ததால், இராணுவத்திலிருந்து 200 பேரை லண்டன் வைத்தியசாலைகளுக்கு அனுப்பினார்கள். நத்தாருக்குப் பிறகு ஓர் இரவு, பிரசவ அறையில் எட்டு மருத்துவிச்சிகள் இருக்கவேண்டிய இடத்தில் ஐந்து பேர் நின்றார்கள். யாரையும் கைவிடவில்லை. ஆனால் திட்டமிட்ட சத்திரசிகிச்சை இரண்டை அடுத்த நாளுக்குத் தள்ளினோம். காலையிலிருந்து பட்டினி கிடந்த ஒரு பெண்ணிடம் போய் “இன்றைக்கு இல்லை” என்று சொன்னது நான்தான்.

இந்த மாதம் 27ஆம் திகதி முகக்கவசச் சட்டம் நீங்கியது. கிருமி நீங்கவில்லை. இனிச் சனம் கூடிக் கூடிச் சந்திக்கும், மகளைச் சுற்றித் தொற்று இன்னும் அதிகம் திரியும். கட்டுப்பாடு போன பிறகுதான் அவருக்கு ஊசி இன்னும் தேவை.

ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்ற கேள்விக்கு என் பதில் இன்னும் உறுதியானது. கட்டாயம் போகவேண்டும். இந்த இரண்டு வருடமும் மகப்பேற்றுப் பிரிவுகள் கர்ப்பிணிகளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. நம் பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் சீனி வருத்தம் வரும் வாய்ப்புக் கூட, அதைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை 24 முதல் 28 கிழமைக்குள். மகள் இப்போது 26. அந்தத் திகதி தவறியிருந்தால் நாளைக்கே அழைத்துக் கேளுங்கள். இரத்த அழுத்தம் கூடுவதும் வெளியே தெரியாது, அளந்தால்தான் தெரியும்.

எல்லாவற்றையும்விடப் பிள்ளையின் அசைவு. வழக்கத்தைவிடக் குறைந்தாலோ மாறினாலோ, விடியட்டும் என்று இருக்கக்கூடாது. நள்ளிரவானாலும் மருத்துவக் குறிப்பேட்டில் உள்ள மகப்பேற்றுப் பிரிவு எண்ணை அழைக்கவேண்டும். 2020 வசந்தத்தில், “ஆஸ்பத்திரி நிரம்பியிருக்கும், ஏன் கரைச்சல்” என்று இரண்டு நாள் பொறுத்துவிட்டு வந்த ஒரு பெண்ணின் கட்டிலோரம் நான் நின்றேன். அந்த அறையில் குதிரைச் சத்தம் கேட்கவில்லை. உங்கள் மகள் வந்தால் அது யாருக்கும் கரைச்சல் இல்லை. ஒன்றும் இல்லை என்று பத்துத் தரம் திருப்பி அனுப்பினாலும் பதினோராம் தரமும் வரட்டும்.

மகளுக்குத் தொற்று வந்தால், முதலில் மருத்துவிச்சிக்குச் சொல்லுங்கள். விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கும் கருவி ஒன்று வீட்டில் இருக்கட்டும். 94 அல்லது அதற்குக் கீழ் வந்தால் மகப்பேற்றுப் பிரிவை உடனே அழையுங்கள், 92 அல்லது அதற்குக் கீழ் வந்தால் அவசர எண் 999. ஒன்றைக் கவனியுங்கள்: கறுத்த, மண்ணிறத் தோலில் அந்தக் கருவி உள்ளதைவிடக் கூட்டிக் காட்டலாம். ஆகவே 96 காட்டினாலும் ஒரு வசனத்தை முழுசாகச் சொல்ல மூச்சு வாங்கினால் கருவியை நம்பாதீர்கள், மகளின் மூச்சை நம்புங்கள்.

கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். மருத்துவிச்சி சொல்வது இருக்கிறது, மருமகன் சொல்வது இருக்கிறது, உங்கள் பயம் இருக்கிறது. மகள் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரியும் இல்லை. முடிவு அவருடையது அம்மா. அவரை ஒருவரும் நெருக்காமல், இருத்தி வைத்துக் கேளுங்கள். ஒருவேளை ஜூனில் திரும்பி வந்த நாளிலிருந்து அவர் உள்ளுக்குள் பயந்துகொண்டு இருக்கலாம். மருமகனோடும் சண்டை வேண்டாம். பெண்சாதியையும் பிள்ளையையும் காக்கத்தான் அவரும் மறிக்கிறார். அவருக்கு உள்ள சந்தேகங்களைக் கடதாசியில் எழுதச் சொல்லி, அடுத்தமுறை மருத்துவிச்சியிடம் போகும்போது கூட்டிப்போங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டிச் சொன்னால் ஒழுங்குசெய்வார்கள்.

இரண்டு ஊசிக்கு இடையில் 8 கிழமை. இந்தக் கிழமை முதலாவதைப் போட்டால் இரண்டாவது 34ஆம் கிழமையில் வரும், பிரசவத்துக்கு முன் உடம்பு ஆயத்தமாக நாள் இருக்கும். ஒவ்வொரு கிழமை தள்ளும்போதும் அந்த இடைவெளிதான் குறைகிறது. 119க்கு அழைத்தால் பதிவுசெய்வார்கள், கர்ப்பிணி என்று சொல்லவேண்டும். கை நோகும், ஒன்றிரண்டு நாள் காய்ச்சலும் அலுப்பும் வரலாம். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் குடிக்கலாம், ஐபுபுரோஃபன் வேண்டாம். ஊசி போட்ட பிறகு 15 நிமிடம் கார் ஓட்டக்கூடாது. மருமகன் கூடப் போய் ஓட்டட்டும்.